மைல்டு ஹைபிரிட் கார்: நீங்கள் ஓட்டும் ரோட்டுக்கு அது லாபமா?

"ஏனுங்கண்ணா, ஹைபிரிட் வண்டிங்கறாங்களே, ராத்திரி ராத்திரி வீட்ல சார்ஜ் போடணுங்களா?"

சேலம், நாமக்கல் பக்கம் புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஷோரூமில் பார்க்கிற காரின் பின்பக்கத்தில் 'ஹைபிரிட்' என்று எழுதியிருக்கும். விலை சாதாரண காரைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். மைலேஜ் நல்லா வரும் என்று விற்பனையாளர் சொல்வார். சார்ஜ் போடணுமா, அரசு சலுகை கிடைக்குமா, கூடக் கொடுக்கும் பணம் திரும்ப வருமா என்று பல பேருக்குத் தெளிவு இருக்காது.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. மைல்டு ஹைபிரிட் காருக்குச் சார்ஜ் போடத் தேவையில்லை, போடவும் முடியாது. அது பெட்ரோலில் அல்லது டீசலில் ஓடும் கார்தான். மற்ற கேள்விகளுக்குப் பதில் நீங்கள் தினமும் எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை மனதில் வைத்து மேலே படியுங்கள்.

ஹைபிரிட் என்பது ஒரே வகை அல்ல

ஹைபிரிட் என்றால் இரண்டு வகைச் சக்தி சேர்ந்தது என்று பொருள். இன்ஜினும் இருக்கும், மின்மோட்டாரும் இருக்கும். அந்த மோட்டார் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

மைல்டு ஹைபிரிட்: மோட்டார் சின்னது. இன்ஜினுக்கு ஒத்தாசை மட்டும் செய்யும். மோட்டாரால் மட்டும் காரை ஓட்ட முடியாது.

ஸ்ட்ராங் ஹைபிரிட்: மோட்டாரும் பேட்டரியும் பெரியவை. மெதுவாகப் போகும்போது இன்ஜின் இல்லாமலே கொஞ்ச தூரம் மின்சாரத்தில் போகும். இதற்கும் வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டாம்.

பிளக்-இன் ஹைபிரிட்: இதற்கு மட்டும் வெளியிலிருந்து சார்ஜ் போடலாம். நம் ஊரில் அரிது.

ஒரே பெயருள்ள காரே இரண்டு வகையில் வரலாம். 2022-இல் வந்த மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா இதற்கு நல்ல உதாரணம். அறிமுகமானபோது அதன் மைல்டு ஹைபிரிட் மேனுவல் வகைக்குச் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர். ஸ்ட்ராங் ஹைபிரிட் வகைக்குச் சொன்னது 27.97. ஆகவே வெறும் 'ஹைபிரிட்' என்ற சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். "மைல்டா, ஸ்ட்ராங்கா?" என்று முதலில் கேளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரண காரில் இரண்டு தனித்தனிக் கருவிகள் உண்டு. ஒன்று, வண்டியை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார். இன்னொன்று, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வார்கள்.

மைல்டு ஹைபிரிட்டில் இந்த டைனமோ இருக்கும் இடத்தில் ஐ.எஸ்.ஜி. என்ற கருவி உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். ஒரு பெல்ட் அதை இன்ஜினோடு இணைக்கும். கூடவே சின்ன லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கும். இவை சேர்ந்து மூன்று வேலை செய்கின்றன.

முதல் வேலை, நின்றால் அணைப்பது. சிக்னலில் நின்று, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும். மறுபடி கிளட்சை மிதித்தவுடன் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும். பெல்ட் மூலம் சுழற்றுவதால் செல்ஃப் அடிக்கும் 'கர்ர்' சத்தமும் இருக்காது. காலையில் குளிர்ந்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு வழக்கமான செல்ஃப் மோட்டார் தனியாக இருக்கும்.

இரண்டாவது வேலை, வீணாகும் சக்தியைப் பிடிப்பது. ஓடுகிற காரைப் பிரேக் பிடித்து நிறுத்தும்போது அந்த வேகம் முழுக்க பிரேக்கில் சூடாகி வீணாகிறது. மைல்டு ஹைபிரிட்டில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், சக்கரத்தின் சுழற்சியே ஐ.எஸ்.ஜி.-யைச் சுற்றி மின்சாரம் தயாரிக்கும். சாதாரண காரில் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்கும் பெட்ரோல்தான் செலவாகிறது. இங்கே அதில் ஒரு பகுதி ஓசியில் கிடைக்கிறது.

மூன்றாவது வேலை, கைகொடுப்பது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், முன்னால் போகும் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும், சேமித்த மின்சாரத்தைக் கொண்டு ஐ.எஸ்.ஜி. இன்ஜினைச் சில விநாடிகள் தள்ளிவிடும். பெரிய பலம் இல்லை. ஆனால் இன்ஜின் அதிகம் திணறுகிற நேரம் அதுதான் என்பதால் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகும்.

எவ்வளவு மின்சாரம் அது?

நம் எல்லாருக்கும் தெரிந்த மின்கட்டண யூனிட் கணக்கில் பார்ப்போம். நம் சந்தையில் பரவலாக உள்ள 12 வோல்ட் மைல்டு ஹைபிரிட்டில் லித்தியம் பேட்டரியின் அளவு சுமார் 6 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 72 வாட்-மணி வரும். அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிறிய மின்சாரக் கார்களின் பேட்டரியோ 20 முதல் 30 யூனிட் வரை பிடிக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. இவ்வளவு சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு மின்சாரத்தில் காரை ஓட்டவே முடியாது. அது சிறுவாட்டுப் பணம் மாதிரி. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் போடும், கிளம்பும்போது உடனே எடுத்துச் செலவழிக்கும். அடிக்கடி போட்டு எடுத்தால்தான் பலன்.

இதைவிடப் பலமான 48 வோல்ட் வகையும் உண்டு. 2019-இல் வந்த எம்.ஜி. ஹெக்டரின் ஒரு வகையிலும், 2025-இல் வந்த டொயோட்டா ஃபார்ச்சூனர் நியோ டிரைவிலும் அது இருந்தது. அடிப்படை வேலை ஒன்றுதான்.

எந்த ரோட்டில் லாபம்?

மேலே சொன்ன மூன்று வேலையும் எப்போது நடக்கின்றன என்று கவனியுங்கள். நிற்கும்போது, பிரேக் பிடிக்கும்போது, கிளம்பும்போது. ஆக, எங்கே நின்று நின்று போகிறீர்களோ அங்கேதான் லாபம்.

சேலத்தில் ஐந்து ரோடு, நான்கு ரோடு, புதிய பஸ் ஸ்டாண்டு, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை என்று தினமும் சுற்றுகிறவர் நீங்கள் என்றால், இந்தத் தொழில்நுட்பம் உங்களுக்குத்தான். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மாலையில் கடைவீதி, பள்ளிபாளையம் பாலம் தாண்டி ஈரோட்டுக்கு வேலைக்குப் போவது ஆகிய எல்லாமே நின்று நின்று போகும் ஓட்டம்.

மாறாக, சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல்லுக்குத் தேசிய நெடுஞ்சாலை 44-இல் போகிறீர்கள் என்று வையுங்கள். 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுங்கச்சாவடியில் ஒரு தடவை நின்றால் உண்டு. மற்றபடி 80, 90 வேகத்தில் ஒரே சீராக ஓட்டம். பிரேக் பிடிக்கவே இல்லை என்றால் சேமிக்க என்ன இருக்கிறது? அங்கே மைல்டு ஹைபிரிட்டும் சாதாரண பெட்ரோல் காரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோழிப்பண்ணைக்கும் லாரி பாடி பட்டறைக்கும் பைபாஸிலேயே போய்வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது நிறைய சார்ஜ் ஏறுமே என்று சிலர் நினைப்பார்கள். ஏறும், ஆனால் அந்தச் சின்ன பேட்டரி சீக்கிரமே நிறைந்துவிடும். அதற்கு மேல் சேமிக்க இடமில்லை. மலை இறங்கும்போது எந்தக் காராக இருந்தாலும் சின்ன கியரில் இறங்குவதே பாதுகாப்பு. நியூட்ரலில் விடாதீர்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலான மைல்டு ஹைபிரிட் கார்களில் ஏ.சி. கம்ப்ரசர் இன்ஜினில்தான் ஓடுகிறது. சிக்னலில் இன்ஜின் நின்றால் காற்று மட்டும் வரும், குளிர்ச்சி குறையும். கார் சூடாகிவிட்டால் இன்ஜின் தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும், அல்லது முதலிலேயே அணையாது. ஏப்ரல், மே மாதங்களில் "என் வண்டி நிக்கவே மாட்டேங்குதே" என்று பயப்பட வேண்டாம், அது பழுது அல்ல. பேட்டரி சார்ஜ் குறைவு, இன்ஜின் இன்னும் சூடேறவில்லை, சீட் பெல்ட் போடவில்லை என்றாலும் அப்படித்தான்.

கம்பெனி சொல்லும் மைலேஜை எப்படிப் படிப்பது?

2022-இல் வந்த மாருதி பிரெஸ்ஸா மேனுவல் காரில் மைல்டு ஹைபிரிட் இருந்தது. அப்போது சொன்ன மைலேஜ் 20.15. 2023-இல் மேனுவல் வகைகளிலிருந்து அதை எடுத்தபோது, அதே இன்ஜினுக்குச் சொன்ன மைலேஜ் 17.38 ஆகக் குறைந்தது. லிட்டருக்கு 2.77 கிலோமீட்டர் வித்தியாசம்.

இது பெரிய வித்தியாசமாகத் தெரியும். ஆனால் இவை சோதனைக்கூடத்தில் எடுத்த அளவுகள். அந்தச் சோதனையில் நகரத்தில் ஓட்டுவது போல நின்று நின்று போகும் பகுதி நிறைய உண்டு. உங்கள் ஓட்டமும் அப்படியே இருந்தால் பலன் அதற்குப் பக்கத்தில் வரலாம். பைபாஸ் ஓட்டம் என்றால் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

நீங்களே போடக்கூடிய கணக்கு

ஒரு வாரம் செல்போனில் குறித்து வையுங்கள்: ஒரு நாளைக்குக் காரில் எத்தனை நிமிடம் நின்றுகொண்டே இருந்தீர்கள்?

உதாரணத்துக்கு 20 நிமிடம் என்று வைப்போம். வருடத்தில் 300 நாள் ஓட்டினால் 100 மணி நேரம். சும்மா நிற்கும் சிறிய பெட்ரோல் இன்ஜின் மணிக்குச் சுமார் 0.6 முதல் 0.8 லிட்டர் குடிக்கும். ஆக 60 முதல் 80 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், வருடத்துக்கு 6,000 முதல் 8,000 ரூபாய். நிற்கும் நேரம் முழுக்க இன்ஜின் அணைந்தால் மிச்சமாகும் தொகை இது. உங்களுக்கு நிற்கும் நேரம் 5 நிமிடம்தான் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் போகாது.

இந்தச் சேமிப்பின் பெரும்பகுதியை இப்போது உங்களிடம் இருக்கும் காரிலேயே பெறலாம். நீண்ட சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால் போதும்.

அடுத்தது வாங்கும் விலை. இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட சாலை வரி விகிதப்படி, புதிய சொந்த உபயோகக் காருக்கு 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் வாழ்நாள் வரி.

ஒரு காரின் சாதாரண வகை 9 லட்சத்து 90 ஆயிரம், மைல்டு ஹைபிரிட் வகை 10 லட்சத்து 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் தெரியும் வித்தியாசம் 30,000 ரூபாய். ஆனால் முதல் காருக்குச் சாலை வரி 1,28,700. இரண்டாவதற்கு 1,83,600. வரியிலேயே 54,900 ரூபாய் வித்தியாசம். மொத்தம் 84,900 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு 7,000 ரூபாய் மிச்சம் என்றாலும், போட்ட பணம் திரும்ப 12 வருடம் ஆகும்.

அதே 30,000 ரூபாய் வித்தியாசம் 8 லட்சத்துக்கும் 8 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் இடையில் இருந்தால் வரி 3,900 ரூபாய்தான் கூடும். அப்போது ஐந்து வருடத்திலேயே கணக்குச் சரியாகிவிடும். அதனால் ஷோரூம் விலையை மட்டும் பார்க்காமல், இரண்டு வகைக்கும் ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரசு சலுகை உண்டா?

மைல்டு ஹைபிரிட்டுக்குத் தனிச் சலுகை இப்போது இல்லை. முன்பு இருந்தது. மத்திய அரசின் ஃபேம் இந்தியா திட்டம் 2015 ஏப்ரல் 1-இல் தொடங்கியபோது மைல்டு ஹைபிரிட்டும் அதில் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு வந்த மாருதி சியாஸ், எர்டிகா டீசல் மைல்டு ஹைபிரிட் கார்களுக்கு 13,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் மைல்டு ஹைபிரிட் அந்தத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

ஜி.எஸ்.டி.-யிலும் அதே நிலைதான். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி.-க்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம், டீசலில் 1500 சி.சி. வரை 18 சதவீதம், அவற்றைவிடப் பெரிய கார்களுக்கு 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். மைல்டு ஹைபிரிட் என்பதற்காக இந்த விகிதம் குறையாது. காரின் நீளமும் இன்ஜின் அளவும்தான் முடிவு செய்யும்.

பச்சை நம்பர் பிளேட்டும் மின்சார வாகனங்களுக்கான சாலை வரிச் சலுகையும் பேட்டரியில் மட்டும் ஓடும் வாகனங்களுக்கே. மைல்டு ஹைபிரிட்டுக்கு வழக்கமான வெள்ளை பிளேட்தான். புகைச் சான்றும் கட்டாயம். புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் கழித்து எடுக்க வேண்டும். பி.எஸ்.6 வண்டிக்கு அது ஒரு வருடம் செல்லும்.

பழைய கார் வாங்குகிறீர்களா? செல்போனில் பாருங்கள்

2015 முதல் மைல்டு ஹைபிரிட் கார்கள் ஓடுவதால் பழைய கார் சந்தையிலும் நிறைய வருகின்றன. முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்/ஹைபிரிட்' அல்லது 'டீசல்/ஹைபிரிட்' என்று இருக்கிறதா? வெறும் பெட்ரோல் என்றிருந்தால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். அந்தச் சொல் மைல்டா, ஸ்ட்ராங்கா என்று பிரித்துக் காட்டாமல் இருக்கலாம். மாடல், வகைப் பெயரையும் சரிபாருங்கள்.

2. பதிவு தேதி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை செல்லும் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

3. வண்டியைச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, நியூட்ரலில் விடுங்கள். இன்ஜின் அணைகிறதா? கிளட்சை மிதித்தால் உடனே எழுகிறதா? பலமுறை முயன்றும் அணையவில்லை என்றால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம்.

4. லித்தியம் பேட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை வருடம், மாற்ற என்ன செலவு என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். 2015-இல் வந்த ஆரம்ப வகைகளில் லித்தியம் இல்லை, திறன் கூடிய ஒரே லெட்-ஆசிட் பேட்டரிதான்.

5. வாங்கியபின் படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பரிவாகன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். டிஜிலாக்கரில் அல்லது எம்-பரிவாகனில் உள்ள ஆர்.சி., வாகனச் சோதனையின்போது செல்லும்.

ஓட்டும்போதும் பராமரிக்கும்போதும்

சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அப்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சேமிக்க நேரமே இருக்காது.

நின்ற இடத்தில் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி காத்திருக்காதீர்கள். மேனுவல் காரில் அப்படி நின்றால் இன்ஜின் அணையாது. மைல்டு ஹைபிரிட் வாங்கியும் மைலேஜ் வரவில்லை என்பவர்கள் முதலில் இந்தப் பழக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பேட்டரி மாற்றும்போது விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போடாதீர்கள். அடிக்கடி நின்று எழும் வண்டிக்கென்று தனி வகை பேட்டரி உண்டு. கையேட்டில் சொன்ன வகையையே கேளுங்கள். ஐ.எஸ்.ஜி. பெல்ட்டை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். வாட்டர் வாஷ் செய்பவரிடம் இன்ஜின் பகுதியிலும் இருக்கைக்கு அடியிலும் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏமாற்றப்பட்டதாக நினைத்தால்

"சாலை வரி இல்லீங்க", "மின்சாரத்துலயே ஓடுங்க" என்று சொல்லி மைல்டு ஹைபிரிட்டை யாராவது விற்றால், அது தவறான தகவல். விளம்பரத் தாள், விலைப்பட்டியல், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை அங்கே எடுப்பார்கள்.

முடிவாக

தினமும் டவுனுக்குள் நின்று நின்று ஓட்டுகிறீர்கள், இரண்டு வகைக்கும் ஆன்-ரோடு விலை வித்தியாசம் குறைவு என்றால், மைல்டு ஹைபிரிட் நல்ல தேர்வு. பெட்ரோல் மிச்சம், சிக்னலில் புகையும் சத்தமும் குறைவு, சார்ஜ் தேடி அலையும் கவலை இல்லை.

ஓட்டத்தில் பெரும்பகுதி பைபாஸ்தான், அல்லது அந்த வகைக்காகப் பத்து லட்சத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்றால், ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் நீங்கள் நிற்கும் நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். எந்த வகை வாங்கலாம் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும்.